கம்பி பல்லுக்கா, எனக்கா?

கலஹாவிலிருந்து பேராதனைக்கு இறங்கும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்துக் கொட்டாவி விட்டாள். வாய் நிறையக் கம்பி. மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை, பல்லுக்குப் பல் சின்னதாக ஒரு நீல வளையம். பக்கத்தில் அவளுடைய அம்மா, கொழுந்து பறித்துக் கறுத்துப்போன விரல்களால் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தாள். இதைத் திருப்பூரில் உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கு நான் ஏன் வாயைப் பிளந்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் வளர்ந்த தெருவில் பல்லுக்குக் கம்பி போட்ட பிள்ளை என்றால் அது பனியன் கம்பெனி முதலாளி வீட்டுப் பிள்ளை. கம்பி தெரியட்டும் என்றே அதுகள் சிரிக்கும். இங்கே தேயிலை மலை ஏறுகிற ஒருத்தியின் மகள் வாய் நிறையக் கம்பியோடு கொட்டாவி விடுகிறாள், பஸ்ஸில் ஒருவரும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

“ஏனுங்க, பாப்பாவுக்கு இது எங்க போட்டீங்க?”

“பேராதனை ஆஸ்பத்திரிலதாங்க. சும்மாதான் போடுறாங்க. பேரு பதிஞ்சு ரெண்டு வருசம் காத்துக்கிட்டு இருந்தோம்” என்றாள் அந்த அம்மா. பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். “நீங்க இந்தியாவா?”

கல்யாணமாகி இலங்கைக்கு வந்து பதினான்கு வருஷமாகிறது. வாயைத் திறந்தால் இன்னமும் முதல் கேள்வி இதுதான். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

“போட்டாச்சுன்னா மூணு வருசத்துக்கு மாசாமாசம் போகணும். அத பாதில விட்டுட்டு ஊரைவிட்டு எங்கயும் நகர முடியாது” என்று அவள் தானாகவே சொன்னாள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. பெருமையாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அது வேறு மாதிரிக் காதில் விழுந்தது.

என் தொழில் அப்படி. திருப்பூரில் நான் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவள். தைத்து வரும் பீஸை வெளிச்சத்தில் விரித்து, உள்ளே திருப்பி, எங்கே நூல் விட்டிருக்கிறது, எங்கே ஓட்டை, எங்கே கறை என்று தேடுவதுதான் வேலை. நல்ல பீஸ் என்று ஒன்று கையில் வந்தால் இன்னும் ஒருமுறை திருப்பிப் பார்ப்பேன், எதையோ கோட்டை விட்டிருப்பேனோ என்று. கண்டியில் இருக்கும் ஒரு துணிக்கடைக்காகத் திருப்பூருக்குச் சரக்கு எடுக்க வந்த சிவா என்கிற மனிதர், நான் திருப்பி அனுப்பிய பீஸ்களுக்காக என்னோடு சண்டை போட்டு, சண்டையிலேயே சிரித்து, கடைசியில் என்னையும் சரக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். வேலை போனாலும் கண் போகவில்லை. ஒரு பைசா வாங்காமல் ஒருத்தர் ஒன்றைக் கொடுக்கிறார் என்றால் அதை உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. இந்த நாட்டில் ஆஸ்பத்திரி இலவசம், பள்ளிக்கூடம் இலவசம், சீருடைத் துணி இலவசம். வந்த புதிதில் எனக்கு இதெல்லாம் யாரோ காதில் பூச்சுற்றுவதுபோலவே இருந்தது.

அன்று சாயங்காலம் கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் எங்கள் வாடகை வீட்டில், சாப்பாட்டு மேசையில் சிவாவுக்கும் மகள் தர்ஷினிக்கும் அந்தக் கொட்டாவிக் கதையை விஸ்தாரமாகச் சொன்னேன். “மூணு வருஷத்துக்கு எங்கயும் போக முடியாதாமாங்க. கம்பி பல்லுக்குப் போடுறாங்களா, காலுக்குப் போடுறாங்களான்னு தெரியல” என்று சொல்லி நானே சிரித்துக்கொண்டேன். சிவா சிரிக்கவில்லை. ரொட்டியைச் சம்பலில் தொட்டுக்கொண்டே, “நம்ம தர்ஷினி பேரும் பதிஞ்சிருக்கே” என்றார்.

“எப்பங்க?”

“அது எப்பவோ. ஸ்கூல்ல பல்லு பாக்குற மிஸ் சொன்னாங்க, பதிஞ்சிட்டு வந்தேன். மறந்தே போச்சு. அடுத்த கிழமை, புதன்கிழமை கூட்டிட்டு வரச்சொல்லி நேத்து போன் வந்துச்சு.”

இங்கே ஒன்றைச் சொல்லாவிட்டால் எனக்கு ஏன் சுருக்கென்றது என்று உங்களுக்குப் புரியாது. இரண்டு வருஷத்துக்கு முன், பெட்ரோலுக்கும் சமையல் காஸுக்கும் ஊரே வரிசையில் நின்ற அந்த வருஷம், பால்மா என்கிற பால்பவுடர் கிடைக்காமல் கடை கடையாக ஏறி இறங்கி அலுத்துப்போய் ஒருநாள் நான் உட்கார்ந்து அழுதேன். அப்போது சிவா ஒரு வாக்குக் கொடுத்தார். தர்ஷினி எட்டாம் வகுப்பு முடிக்கட்டும், திருப்பூருக்கே போய்விடலாம், உன் அண்ணன் கம்பெனியில் எனக்கு ஒரு வேலை கிடைக்காமலா போகும் என்றார். அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் நான் எல்லா வரிசையிலும் நின்றேன். இதோ, அவள் எட்டாம் வகுப்பு முடிக்கப்போகிறாள். நான் என் அம்மாவிடம் போனில் மாடி அறையைச் சுத்தம் பண்ணச் சொல்லிவிட்டேன். இரண்டு வருஷக் காத்திருப்பைக் கழித்துப் பார்த்தால், வாக்குக் கொடுத்த அதே வருஷத்தில்தான் மகளின் பெயரையும் மூன்று வருஷக் கம்பிக்குப் பதிந்திருக்கிறார்! மறந்துபோச்சாம். கடை இருப்பில் ஒரு கைக்குட்டை குறைந்தால் கண்டுபிடிக்கிற ஆள், இதை மறந்துபோனாராம்.

அதற்குப் பிறகு எனக்கு எல்லாமே ஒரே நூலில் கோத்ததுபோல் தெரிய ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை சிவாவின் அக்கா மல்லிகா கலஹாவிலிருந்து வந்தார். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காப்பகத்தில் வேலை பார்ப்பவர், வந்தால் ஒரு பை நிறைய பட்டர் பழமும் கீரையும் கொண்டுவருவார். அன்றைக்கு வந்து உட்கார்ந்த கையோடு தர்ஷினியின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார்.

“கம்பி போட கூப்புட்டிருக்காங்களாமே? பொம்பளப்புள்ள சுமதி, இப்பவே செஞ்சிருங்க. வந்த எடத்த விட்டுட்டா பெறகு கெடைக்காது.”

“யோசிக்கலாம் அண்ணி” என்றேன்.

“இதுல என்னா யோசிக்க கெடக்கு?”

சிவா ஜன்னலுக்கு வெளியே மகாவலி ஆற்றை இன்றைக்குத்தான் புதிதாகக் கண்டதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவும் தம்பியும் பேசி வைத்துக்கொண்டுதான் செய்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது என்ன, முடிவே கட்டிவிட்டேன். என் மகளுக்கு மேல்வரிசையில் இரண்டு பக்கமும் தெத்துப்பல். எனக்கும் அப்படித்தான். எங்கள் ஊரில் தெத்துப்பல் அதிர்ஷ்டம் என்பார்கள். இந்த மனிதரே, பீஸைத் திருப்பி அனுப்பும்போது நீ சிரித்தாய், அந்தப் பல்லைப் பார்த்துத்தான் விழுந்தேன் என்று நூறு தடவை சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு இருந்தால் அழகாம், மகளுக்கு இருந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமாம். யார் தலையில் மிளகாய் அரைக்கப் பார்க்கிறார்கள்?

ஆனாலும் புதன்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். போகாவிட்டால் மகளின் பல்லைக் கெடுத்தவள் என்று காலமெல்லாம் பேச்சுக் கேட்க வேண்டும். கடையில் ஆள் இல்லை என்று சிவா வரவில்லை, அதையும் குறித்துவைத்துக்கொண்டேன்.

பேராதனை ஆஸ்பத்திரியில் பெரிய கூடம். வரிசை வரிசையாகச் சாய்வு நாற்காலி, ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. பக்கத்தில் வெள்ளைக் கோட்டில் இளவட்டங்கள், படிக்கிற பிள்ளைகள். பெரிய டாக்டர் ஒருவர் தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க்கோடு ஒவ்வொரு நாற்காலியாக வந்தார். என் மகள் ஏறிச் சாய்ந்தாள். எனக்குச் சிங்களம் சந்தைக்குப் போதும். கத்தரிக்காய் வாங்கலாம், பஸ்ஸை நிறுத்தச் சொல்லலாம். அதற்கு மேல் போனால் தர்ஷினிதான் எனக்கு வாய், என் அரைகுறை இங்கிலீஷை எடுக்க வேண்டியதே வந்ததில்லை. கரண்ட் ஆபீஸ், கிராம சேவகர், வீட்டுக்காரம்மா, எல்லா இடத்திலும் அவள் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்தே எனக்காகப் பேசுகிறாள். இங்கே வந்து வாழ்கிற என்னைப்போன்ற எத்தனையோ பெண்களுக்குப் பிள்ளைகள்தான் இப்படி. அவர்கள் சொல்வதைத்தான் நாங்கள் கேட்டோம் என்று வைத்துக்கொள்கிறோம்.

டாக்டர் கண்ணாடிக் கம்பியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். சுற்றி நின்ற பிள்ளைகளிடம் என்னவோ சொன்னார். பிறகு என் பக்கம் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தர்ஷினி படுத்தபடியே பதில் சொன்னாள். அவர் மறுபடி கேட்டார். இவள் மறுபடி சொன்னாள். அவர் நிதானமாக, கையை ஆட்டி ஆட்டி, நிறைய நேரம் பேசினார்.

“என்னடி சொல்றாரு?”

“நாலு பல்லு கழட்டணுமாம். இப்பவே ஆரம்பிக்கணுமாம். லேட்டானா பிறகு சரிவராதாம்.”

“நல்ல பல்ல எதுக்குக் கழட்டணும்னு கேளு.”

கேட்டாள். மறுபடியும் அவர் நீளமாகப் பேசினார். விரலை மடக்கிக் காட்டினார், ஜன்னலுக்கு வெளியே எங்கேயோ தூரத்தைக் காட்டினார்.

“எடம் காணாதாம்” என்றாள் தர்ஷினி.

“அவ்வளவு நேரம் பேசினாரே, இவ்வளவுதானா?”

“சிங்களத்துல அப்பிடித்தாம்மா. நீளமா வரும்.”

டாக்டர் என்னைப் பார்த்து, “சரியா, அம்மா?” என்று தமிழில் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். எங்கள் ஊர் ஆட்டல்; ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், பார்க்கலாம் என்றும் வைத்துக்கொள்ளலாம். அவர் ஆமாம் என்று வைத்துக்கொண்டார்போல, ஒரு பெண்ணிடம் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார். பல் பிடுங்க அடுத்த புதன்கிழமை வர வேண்டும்.

பால்பல் விழுந்து இப்போதுதான் முளைத்து நின்ற பல், ஒரு சொத்தை இல்லை, ஒரு புள்ளி இல்லை. செக்கிங்கில் நான் பார்த்திருந்தால் நூற்றுக்கு நூறு பாஸ். அதில் நாலைப் பிடுங்க வேண்டுமாம், அதுவும் உடனே. ஏன் இத்தனை அவசரம்? படிக்கிற பிள்ளைகளுக்குப் பிடுங்கிப் பழக ஒரு வாய் வேண்டும், இந்தியாக்காரி மகள் மாட்டினாள் என்றுகூட எனக்கு ஓடியது. வெட்கமாகத்தான் இருக்கிறது எழுத, ஆனால் ஓடியது. வீட்டுக்கு வந்ததும் யாருக்கும் சொல்லாமல் கண்டி டவுனில் ஒரு தனியார் இடத்துக்குப் போன் போட்டேன். இங்கே தனியாரில் டாக்டரைப் பார்ப்பதற்குச் சனல் பண்ணுவது என்று பெயர். பல்லுக்குக் கம்பி போடுகிற பெரிய டாக்டர் யாராவது வேண்டும், தமிழோ இங்கிலீஷோ பேசினால் போதும் என்றேன். சனிக்கிழமை சாயங்காலம் ஒருவர் வருவதாகச் சொல்லி, வாயில் நுழையாத ஒரு சிங்களப் பெயரைச் சொன்னார்கள். தனியாரில் வாங்குகிற காசுக்காவது உண்மையைச் சொல்வான் பார், அப்போது தெரியும் இலவசக்காரன் லட்சணம் என்று கறுவிக்கொண்டேன்.

சனிக்கிழமை பஸ் ஏறிய பிறகுதான் தர்ஷினியிடம் சொன்னேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

“எதுக்கும்மா? அதான் ஒரு டாக்டர் சொல்லிட்டாரே.”

“இன்னொருத்தர் சொல்லட்டும்.”

“எனக்கு தல வலிக்குது. வீட்டுக்குப் போவோம்.”

பல் பிடுங்கப் பயப்படுகிறாள் பாவம் என்று நினைத்தேன். முதுகைத் தடவிக்கொடுத்து, “அம்மா ஒன்ன விட்டுருவனா சாமி? ஒரு பல்லக்கூட தொட விடமாட்டேன்” என்றேன். அவள் கையை உதறிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். கண்ணாடி போட்ட, நரைத்த மீசைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் முன்பின் பார்த்திராத முகம். இங்கிலீஷில் வணக்கம் சொன்னார், நானும் என் திருப்பூர் இங்கிலீஷில் சொன்னேன். தர்ஷினி கதவோரத்திலேயே நின்றாள். இழுத்துத்தான் நாற்காலியில் உட்கார வைக்க வேண்டியிருந்தது. அவர் விளக்கை இழுத்து வாய்க்குள் அடித்தார். ஒரு நிமிஷம் பார்த்தார். விளக்கை அணைத்தார்.

“இந்த வாயை நான் புதன்கிழமை பார்த்தேன்” என்றார்.

அப்போதுதான் அந்தக் குரலை என் காது பிடித்தது. தொப்பி இல்லை, மாஸ்க் இல்லை, அதே ஆள்! கண்டியில் இந்த வேலைக்கு எத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. எங்கள் ஊர்போலத் தெருவுக்கு நாலு கிளினிக் இருக்கும் என்ற நினைப்பில், ஒரே ஆளிடம் அவரைப் பற்றியே அபிப்பிராயம் கேட்க வந்திருக்கிறேன். அவருக்குக் கோபம். அங்கே காசில்லாமல் சொன்னதை இங்கே காசு கொடுத்து எதற்குக் கேட்கிறீர்கள், என் மேல் நம்பிக்கை இல்லையா என்றார். சந்தேகப்பட்டு வந்தவள் நான், இப்போது அவர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார். எனக்கும் சூடு ஏறிவிட்டது. நல்ல பல் நாலை இப்போதே பிடுங்க வேண்டும், தள்ளிப் போட்டால் சரிவராது என்று சொன்னீர்களே, பெற்றவள் கேட்க மாட்டேனா என்றேன்.

“தள்ளிப் போட்டால் சரிவராது என்று யார் சொன்னது?” என்றார் அவர்.

பிறகு அவர் நிதானமாகச் சொன்னதை நான் அப்படியே தருகிறேன். பற்களுக்கு இடம் போதவில்லை, நாலைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும், இங்கே போட்டாலும் இந்தியாவில் போட்டாலும் அதுதான். ஆனால் அவசரம் ஒன்றுமில்லை, இரண்டு வருஷம் கழித்தும் செய்யலாம். நீங்கள் இந்தியாக்காரர்போலத் தெரிந்தது, திரும்பிப் போகிற எண்ணம் உண்டா என்று கேட்டேன். போவதாக இருந்தால் இங்கே தொடங்க வேண்டாம், பாதியில் விட்டால் இருப்பதும் கெட்டுவிடும், அங்கே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். போகவே மாட்டோம், அம்மா இங்கேயே இருக்க முடிவு செய்துவிட்டார் என்று உங்கள் மகள் சொன்னாள். அப்படியென்றால் தொடங்கலாம், எதற்கும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல் என்றேன். சொல்லிவிட்டேன் என்றாள். நீங்களும் தலையை ஆட்டினீர்கள்.

நான் திரும்பி தர்ஷினியைப் பார்த்தேன். அவள் சுவரில் மாட்டியிருந்த பல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷனைச் சந்தேகப்பட்டேன், நாத்தனாரைச் சந்தேகப்பட்டேன், ஒரு பெரிய ஆஸ்பத்திரியையே சந்தேகப்பட்டேன். என் வாயாக இருந்தவளைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை.

வெளியே வந்தால் மழை. கண்டி மழைக்கு நேரங்காலம் கிடையாது. ஒரு பேக்கரியின் கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்றோம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே நாலு சாத்து சாத்தியிருப்பேன். தெருவில் ஆட்கள் இருந்தார்கள்.

“ஏன்டி இப்படிச் செஞ்ச?”

“நீங்கதானே சொன்னீங்க, கம்பி போட்டா மூணு வருஷம் எங்கயும் போக ஏலாதுன்னு.”

“அதுக்கு? நல்ல பல்லப் பிடுங்கக் குடுப்பியா?”

“நாலுதானேம்மா” என்றாள். “மத்ததெல்லாம் இருக்குதானே.”

பதின்மூன்று வயசுப் பிள்ளை, ஊசிக்குப் பயந்து அலறுகிறவள், நாலு நல்ல பல்லைக் கொடுத்து ஓர் ஊரை வாங்கப் பார்த்திருக்கிறாள். நானோ பல் பிடுங்கப் பயப்படுகிறாள் என்று முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

“திருப்பூர் நம்ம ஊருடா. அம்மாயி இருக்காங்க, மாமா இருக்காரு...”

“உங்க ஊரு” என்றாள். “போன தரம் போனப்போ மாமா பிள்ளைங்க என்னய சிலோன்காரின்னுதான் கூப்பிட்டாங்க. நான் ஏலாதுன்னு சொன்னா ஒவ்வொருத்தரா வந்து திரும்பச் சொல்லச் சொல்லிச் சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சீங்க.”

சிரித்தேன்தான். நினைவிருக்கிறது. அண்ணன் வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருக்க, முடியாது என்பதற்கு இவள் சொல்லும் ஏலாதைக் கேட்கவே இவளைப் பேச வைத்துப் பேச வைத்துச் சிரித்தார்கள். விளையாட்டு என்று நினைத்தேன். நான் அம்மாவை நீ என்பேன், இவள் என்னை நீங்க என்பாள், அதற்கும் ஒரு சிரிப்பு. ஊருக்கு வந்த சந்தோஷத்தில் எனக்கு எல்லாமே சிரிப்பாக இருந்தது. இவள் அன்று சாயங்காலம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

“இங்க உங்கள இந்தியாக்காரின்னு சொன்னா உங்களுக்கு கோவம் வருதுதானே?” என்றாள். “அங்க போனா எனக்கு டெய்லி அப்பிடித்தானே இருக்கும்?”

பேக்கரிக்காரர், தொப்பி போட்ட வயசான முஸ்லிம், இங்கே நானா என்று கூப்பிடுவோம், உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். “ஏன் மகள் அழுறா? பல்லு வலியா?” என்றார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் கிராம்பு ஒன்றைக் காகிதத்தில் வைத்துக் கொடுத்து, “கடிச்சிட்டு இருக்கச் சொல்லுங்க, அல்லாஹ் சுகப்படுத்துவான்” என்றார். தர்ஷினி அழுதுகொண்டே அதை வாங்கிக் கடித்தாள்.

வீட்டுக்கு வந்து சிவாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெயர் பதிந்ததை அவர் உண்மையிலேயே மறந்துதான் போயிருக்கிறார். மல்லிகா அண்ணிக்கு எங்கள் பயணத் திட்டமே தெரியாது. இத்தனை நாள் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்கலாமா என்று பார்த்தேன். ஆனால் இவ்வளவு நாளாக அக்காவிடம் ஏன் சொல்லவில்லை என்ற அடுத்த சந்தேகம் வந்துவிட்டதால் கேட்கவில்லை. அப்பாவும் அம்மாவுமாக உட்கார்ந்து அவளிடம் சொன்னோம்: இப்போதைக்கு எங்கேயும் போகவில்லை, கம்பியும் வேண்டாம், பல்லும் பிடுங்க வேண்டாம், இரண்டு வருஷம் போகட்டும்.

“சும்மா சொல்றீங்க” என்றாள் தர்ஷினி.

“சத்தியமாடி.”

“அம்மாயிகிட்ட மாடி ரூம கழுவி வைக்கச் சொன்னீங்கதானே? நான் கேட்டேன். கம்பிய போடுங்க, அப்ப நம்புறேன்.”

எனக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாள். நான் கொடுத்த வாக்கை வெளிச்சத்தில் விரித்து உள்ளே திருப்பிப் பார்க்கிறாள். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், என்னைப்போல் ஊரைவிட்டு வந்தவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள். எனக்கு ஊருக்குப் போக வேண்டும். இன்றைக்கும் போக வேண்டும். நான் வாயைத் திறந்தால் நீங்கள் எந்த ஊர் என்று யாரும் கேட்காத ஒரு தெருவில் நடக்க வேண்டும். என் அம்மாவிடம் போனில் இப்போதைக்கு வரவில்லை என்று சொன்னேன். “ஏஞ்சாமி, பெயிண்ட் எல்லாம் அடிச்சு வச்சிருக்கேனே” என்றாள். போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று நன்றாக அழுதேன். அழுது முடித்து யோசித்துப் பார்த்தேன். சொன்ன வாக்கில் நம்பிக்கை வராமல் வருஷக்கணக்கில் ஒருத்தரை வேவு பார்ப்பது எப்படி இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? என் பிள்ளைக்கு அந்தப் பிழைப்பு வேண்டாம் என்று தோன்றியது. எப்படியும் ஒருநாள் பிடுங்க வேண்டிய பல்தான் என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

புதன்கிழமை மறுபடி அதே கூடம், அதே நாற்காலி. டாக்டர் என்னைக் கண்டதும் கண்ணைச் சுருக்கினார். தர்ஷினியைப் பார்க்காமல் என்னை நேராகப் பார்த்து, அவளுக்கும் கேட்கட்டும் என்றோ என்னவோ இங்கிலீஷை விட்டுவிட்டு, சந்தை ஆட்களிடம் பேசுவதுபோல நிறுத்தி நிறுத்திச் சிங்களத்தில் கேட்டார், இந்தியாவுக்குப் போகிறீர்களா என்று. அது எனக்கே புரிந்தது. தர்ஷினி வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“யன்னே நே” என்றேன். “மெஹே இன்னவா.”

போகவில்லை, இங்கே இருக்கிறோம். கத்தரிக்காய் வாங்குகிற சிங்களத்தில் அதுவரை நான் சொன்னதிலேயே பெரிய பேச்சு அதுதான். படிக்கிற பிள்ளைகளில் ஒருத்தி என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பை அடக்கினாள். அடக்கிக்கொள்ளட்டும். தர்ஷினி என் கையை விடவே இல்லை, ஊசி போடும்போதும் விடவில்லை. நகம் பதிந்து எனக்கு ரத்தமே வந்துவிட்டது. அன்றைக்கு வலது பக்கம் மேலே ஒன்று, கீழே ஒன்று. நான் கேட்டதால் நர்ஸ் இரண்டையும் கழுவிப் பஞ்சில் சுற்றிக் கையில் கொடுத்தார். வேர் எவ்வளவு நீளம்!

வீட்டு வாசலுக்கு வந்ததும் தர்ஷினி, கன்னம் மரத்துப்போன குழறலில், பல்லைக் கூரையில் எறியச் சொன்னாள். விழுந்த பல்லைக் கூரையில் போடுவது அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. பால்பல் விழுந்த காலமெல்லாம் இந்தத் தகரத்தில்தான் எறிந்தோம். இது மறுபடி முளைக்காத பல் என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் மேல்பல்லை எடுத்து எறிந்தேன். தகரத்தில் டங்கென்று விழுந்து தங்கிவிட்டது. மற்றதைப் பஞ்சோடு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அவள் பார்த்துவிட்டாள். எதைத்தான் அவள் பார்க்கவில்லை?

“அத ஏன் போடல?”

“இது அம்மாயி வீட்டு ஓட்டுல போட. அடுத்து போறப்ப கொண்டு போறேன்.”

வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் இடுப்பைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

“பல்லு மட்டும்தானே போகும்?” என்றாள்.

“பல்லு மட்டும்தான்” என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, நான் உள்ளே வரும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.